ஏறியது சனிக்கிழமை, இறங்கியது வெள்ளிக்கிழமை

ஃபிஜியின் தலைநகர் சூவாவில் எங்கள் அலுவலகத்தில் வெளியூர் வேலைக்குப் போய்வந்தால் கணினியில் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். ஏறிய ஊர், நாள், நேரம்; இறங்கிய ஊர், நாள், நேரம். நிரப்பினால்தான் பயணப்படி கைக்கு வரும். 2023 புரட்டாசியில் நான் நிரப்பிய படிவம் மூன்று முறை திரும்பி வந்தது. சமோவாவின் தலைநகர் ஏபியாவில் ஏறியது செப்டம்பர் 30, சனிக்கிழமை காலை 8.30. பக்கத்தில் இருக்கும் அமெரிக்கச் சமோவாவின் பாங்கோ பாங்கோவில் இறங்கியது செப்டம்பர் 29, வெள்ளிக்கிழமை காலை 9.10. இறங்கிய நேரம் ஏறிய நேரத்துக்கு முந்தியதாக இருக்கிறது, சரிபார்க்கவும் என்று சிவப்பில் ஒரு வரி. நான்காவது முறை, கணக்குப் பிரிவில் இருக்கும் பெண்ணிடம் நேரில் போய் நின்றேன். அவர் என்னைப் பார்த்தார், படிவத்தைப் பார்த்தார், "40 நிமிடம் என்று போட்டுவிடுங்கள், தேதியை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். அந்தப் பயணத்தில் என்ன தேதி போட்டார் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

நான் குளிர்பதன இயந்திரங்களைப் பழுது பார்ப்பவன். தூத்துக்குடியில் ஐஸ் கம்பெனிகளில் தொழில் பழகி, இப்போது ஃபிஜியிலிருந்து சுற்றுவட்டாரத் தீவுகளுக்குப் போய்வருகிறேன். சுற்றுவட்டாரம் என்று சொல்லிப் பழகிவிட்டது. அந்த வட்டத்தின் விட்டம் ஐந்தாயிரம் கிலோமீட்டர்.

ஒவ்வொரு பயணத்துக்கு முன்னும் இணையத்தில் தூரம் பார்ப்பது என் வழக்கம். இரண்டு ஊர்ப் பெயரைத் தட்டினால் தூரத்தையும் பறக்கும் நேரத்தையும் சொல்லும் தளங்கள் ஏராளம். ஏபியாவுக்கும் பாங்கோ பாங்கோவுக்கும் நடுவில் 150 கிலோமீட்டர் சொச்சம், 11 நிமிடம் என்று ஒன்று சொன்னது. கிலோமீட்டர் சரிதான். உருண்டையின் மேல் ஒரு நூலை இறுக்கிப் பிடித்தால் வரும் நீளம் அது. இரண்டு ஊரின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் தெரிந்தால் யாரும் போட்டுவிடக்கூடிய கணக்கு. 11 நிமிடம்தான் கதை. ஜெட் விமானம் மணிக்கு 800 கிலோமீட்டர் போகும் என்று வைத்துக்கொண்டு வகுத்திருக்கிறார்கள். அந்த வழியில் நான் ஏறிய விமானம் இரண்டு காற்றாடியும் 19 இருக்கையும் உள்ள ட்வின் ஆட்டர். மணிக்கு 270 கிலோமீட்டர் போனாலே பெரிது. ஓடுதளத்தில் ஊர்வதையும் சேர்த்தால் 40 நிமிடம் ஆகிவிடும். ஏபியா நகரத்திலிருந்து மேற்கே கடலோரமாக ஃபலேயோலோ விமான நிலையத்துக்கு டாக்சியில் போவதற்கு அதைவிட அதிக நேரம் ஆனது. வழி முழுக்கக் கிராமம், கிராமத்துக்குக் கிராமம் தேவாலயம், சாலையைக் கடக்கும் பன்றிக்குட்டிகள். நகரத்துக்குப் பக்கத்திலேயே ஃபாங்காலீயில் இன்னொரு சின்ன ஓடுதளம் இருக்கிறது. அங்கிருந்து அளந்தால் தூரம் 125 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஆக, இரண்டு ஊருக்கு நடுவே எவ்வளவு தூரம் என்றால், எந்த வாசலிலிருந்து என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. ஆங்கிலத்தில் 'பாகோ பாகோ' என்று எழுதியிருக்கும். சமோவா மொழியில் அந்த எழுத்துக்கு 'ங' என்பதுதான் ஒலி. சரியாக எழுதினால் பாஙோ பாஙோ. முதல் வகுப்பில் எழுதிப் பார்த்தபின் வாழ்நாளில் தேவைப்படாத ஙோ என்ற எழுத்துக்கு இப்படி ஒரு வேலை இருக்கிறது என்று அங்கே போனபின்தான் தெரிந்தது. ஆனாலும் வாசிப்பவர் நலன் கருதி பாங்கோ என்றே எழுதுகிறேன். அதேபோல ஃபிஜியின் பெரிய விமான நிலையம் இருக்கும் ஊரை வரைபடத்தில் நாடி என்று படிப்பார்கள். ஊர்க்காரர்கள் சொல்வது நாந்தி. நமக்கு அது நாக்கில் தானாக வரும்.

ஃபலேயோலோவில் எடை போட்டார்கள். பெட்டியை மட்டும் இல்லை, என்னையும். தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் கூடையோடு தூக்கி வைப்பார்களே, அந்த மாதிரித் தரைமட்டத் தராசு. கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறி நிற்கச் சொன்னாள் கவுன்டரில் இருந்த பெண். பையில் அம்மோனியா கம்ப்ரசருக்கு மாற்ற வேண்டிய ஷாஃப்ட் சீல், உறையோடு நான்கு கிலோ. நான் 84. பின்னால் நின்ற பாட்டி, கையிலிருந்த சேப்பங்கிழங்கு மூட்டையை இறக்கி வைக்காமலேயே ஏறி நின்று, முள்ளைப் பார்த்துத் தானே சிரித்தார். வரிசையில் யாருக்கும் கூச்சமில்லை. எண்ணை ஒரு தாளில் எழுதி, கூட்டி, யார் முன்னால் யார் பின்னால் என்று அவள்தான் முடிவு செய்தாள். சின்ன விமானத்தில் ஏறும் எடை மொத்தமாக எவ்வளவு என்பதும் அது எந்த இடத்தில் உட்கார்கிறது என்பதும் எரிபொருள் அளவுக்குச் சமமான சங்கதி. கனமெல்லாம் வாலில் சேர்ந்துவிட்டால் விமானம் மூக்கைத் தூக்கிக்கொள்ளும். 2013இல் இங்கே பறந்துகொண்டிருந்த சமோவா ஏர் என்ற சிறு நிறுவனம் ஒரு படி மேலே போய், டிக்கெட்டையே கிலோ கணக்கில் விற்றது. பயணியும் பெட்டியும் சேர்ந்து எத்தனை கிலோவோ அத்தனைக்குக் காசு. உலகமெல்லாம் சிரித்தது. எனக்கு அதில் அநியாயம் ஒன்றும் தெரியவில்லை. பெட்டியில் இரண்டு கிலோ கூடினால் பணம் பிடுங்குகிறவர்கள், பெட்டிக்காரர் நாற்பது கிலோ கூடினால் பேசாமல் இருப்பதற்கு நியாயம் சொல்லட்டும் பார்க்கலாம். அந்த நிறுவனம் சில வருடங்களில் பறப்பதை நிறுத்திக்கொண்டது.

என்னை விமானியின் முதுகுக்குப் பின்னால் உட்கார வைத்தார்கள். நடுவில் கதவு கிடையாது; அவர் பார்க்கும் மானிகளை எல்லாம் நானும் பார்க்கலாம். உபோலு தீவின் கிழக்கு முனையும் அதை ஒட்டிய குட்டித் தீவுகளும் பின்னால் போயின. பிறகு வெறும் கடல். அதற்கு நடுவில் எங்கோ, இந்தப் பக்கம் ஒரு தேதி, அந்தப் பக்கம் முந்தைய தேதி என்று உலகைப் பிரிக்கும் தேதிக் கோட்டைக் கடந்தோம். மணி ஒன்றும் அடிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில், பாங்கோ பாங்கோ இருக்கும் டுட்டுய்லா தீவின் மலை முதுகு, பச்சைப் பாசி பிடித்த பழைய மதில் போல, கடலிலிருந்து எழுந்து வந்தது.

இந்தக் கோடு இங்கே வந்த கதை வேடிக்கையானது. இரண்டு சமோவாவிலும் இருப்பது ஒரே மக்கள், ஒரே மொழி. 1899இல் வல்லரசுகள் உட்கார்ந்து ஓர் ஒப்பந்தம் போட்டு, மேற்கை ஜெர்மனிக்கும் கிழக்கை அமெரிக்காவுக்கும் என்று பிரித்துக்கொண்டன. மேற்கு ஜெர்மனியிடமிருந்து 1914இல் நியூசிலாந்தின் கைக்குப் போய், 1962இல் தனி நாடாகியது. கிழக்கு இன்றும் அமெரிக்காவுடையது. ஆனால் அன்றைக்கு இருவருக்கும் ஒரே கிழமை. பிரிவினைக்கும் முன்பே, 1892இல், அமெரிக்க வணிகர்களின் பேச்சைக் கேட்டுச் சமோவா கலிபோர்னியாவின் தேதிக்கு மாறியிருந்தது. அதற்காக அந்த வருடம் ஜூலை 4ஐ இரண்டு முறை கொண்டாடினார்கள். அமெரிக்கச் சுதந்திர நாள் அடுத்தடுத்து இரண்டு தடவை. வணிகர்களுக்கு வேறென்ன வேண்டும்.

நூறு வருடம் கழித்துப் பார்த்தால் வியாபாரம் முழுக்க நியூசிலாந்தோடும் ஆஸ்திரேலியாவோடும். சொந்தபந்தங்களும் அங்கேதான். ஏபியாவில் வெள்ளிக்கிழமை என்றால் ஆக்லாந்தில் சனிக்கிழமை, கடை மூடியிருக்கும். ஏபியாவில் ஞாயிறு, எல்லோரும் தேவாலயத்தில். சிட்னியில் திங்கள், வேலை தொடங்கிவிட்டது. வாரத்தில் இரண்டு வேலைநாள் வீண் என்று கணக்குப் போட்ட பிரதமர் துய்லாயெப்பா, நாட்டையே கோட்டின் மறுபக்கத்துக்குத் தூக்கி வைத்தார். 2011 டிசம்பர் 29, வியாழக்கிழமை இரவு படுத்தவர்கள் டிசம்பர் 31, சனிக்கிழமை காலை எழுந்தார்கள். 30ஆம் தேதி வெள்ளிக்கிழமை அந்த நாட்டில் நடக்கவே இல்லை. வராத அந்த நாளுக்கும் தொழிலாளிக்குச் சம்பளம் உண்டு என்று அரசு சொல்லிவிட்டது. நல்ல பிரதமர். அதற்கு இரண்டு வருடம் முன்பு, 2009 செப்டம்பரில், சாலையின் வலப்பக்கம் ஓடிய வண்டிகளை எல்லாம் ஒரே நாளில் இடப்பக்கம் மாற்றியதும் இதே மனிதர்தான். நியூசிலாந்திலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் பழைய கார்கள் மலிவாக வரும் என்பது காரணம்.

அமெரிக்கச் சமோவா எதிலும் அசையவில்லை. அங்கே இன்னும் வலப்பக்கம், டாலர், பழைய கிழமை. ஆக 150 கிலோமீட்டரில் சாலையின் பக்கம் மாறும், பணம் மாறும், கிழமை மாறும். மணி மட்டும் மாறாது. 2021இல் சமோவா கோடைக்கால நேர மாற்றத்தைக் கைவிட்ட பிறகு இரண்டுக்கும் வித்தியாசம் வருடம் முழுக்கச் சரியாக 24 மணி நேரம். முள்ளைத் தொட வேண்டியதில்லை.

என் கைக்கடிகாரத்தில் தேதிச் சாளரம் உண்டு. அப்பா கொடுத்த பழைய கடிகாரம். அதில் தேதியை முன்னால் தள்ளத்தான் முடியும், பின்னால் இழுக்க முடியாது. குடியேற்ற வரிசையில் நின்றபடி 30ஐ 29 ஆக்க ஆரம்பித்தேன். 31, 1, 2, 3 என்று திருகாணியை ஒரு மாதம் சுற்ற வேண்டியிருந்தது. 29 வந்து நின்றபோது என் முறையும் வந்துவிட்டது. அமெரிக்க மண் என்றாலும் அந்தத் தீவுக்குத் தனிக் குடியேற்ற விதி, தனி அனுமதி. முன்பே வாங்கி வைத்திருந்தேன். அந்த விஷயத்தில் நான் சமர்த்து.

சமர்த்து அத்தோடு முடிந்தது. துறைமுகத்துக்கு மேலே இருந்த ஒரு சின்ன விடுதியில் அறை சொல்லி வைத்திருந்தேன். சனிக்கிழமை புறப்படுகிறேன், எனவே சனிக்கிழமை இரவு முதல் அறை. விடுதி அம்மாள் பேரேட்டைப் புரட்டி, என் பெயரில் விரலை வைத்து, முகம் நிமிராமல் சொன்னார்: "நீங்கள் நாளைக்குத்தான் வருகிறீர்கள்." வந்துவிட்டேனே என்றேன். "ஏபியாவிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் ஒரு நாள் முன்னால்தான் வருவார்கள்" என்றார். அறை எதுவும் காலியில்லை. திரும்பிப் போகும்போது இதே தவறு மறுபக்கம் கடிக்கும், ஒரு நாள் கழித்து இறங்குவீர்கள், அங்கேயும் அறையைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று இலவசமாக ஒரு எச்சரிக்கையும் கொடுத்தார். அவர் சொன்னது சரி: ஞாயிறு மாலை 4 மணிக்கு ஏறினால் திங்கள் மாலை 4.40க்கு இறங்குவேன். அன்றிரவு குளிர்சாதனக் கிடங்கின் காவலர் அறையில் ஒரு கட்டில் கிடைத்தது. கம்ப்ரசர் ஓடும் சத்தத்தில் நான் நன்றாகத் தூங்குவேன், தொழில் அப்படி. அன்று அது ஓடவில்லை என்பதுதான் சிக்கல்.

இந்த வட்டாரத்தில் ஆறு வருடம் அலைந்த பிறகு ஒன்று பிடிபட்டிருக்கிறது. இங்கே தூரத்தைக் கிலோமீட்டரில் கேட்பதில் பயனில்லை, மணியில் கேட்பதிலும் பயனில்லை. கிழமையில் கேட்க வேண்டும். என் மேலாளர் இன்றும் "எத்தனை மணி நேரம்?" என்று கேட்கிறார். விமான நிலையத்துப் பெட்டி தூக்கும் பையன்கள் கேட்பது "எந்த நாள் விமானம்?" என்றுதான்.

கிரிபாஸ் நாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கிரிபாட்டி என்று எழுதி கிரிபாஸ் என்று படிக்க வேண்டும். தலைநகரம் டராவா ஒரு கோடியில், கிரிஸ்மஸ் தீவு மறு கோடியில். நேர்க்கோட்டில் சுமார் 3,280 கிலோமீட்டர். தளத்தில் தட்டினால் நான்கு மணி நேரம் என்று பளிச்சென்று விடை வரும். விடை வருகிறது, விமானம் வர வேண்டாமா? பல வருடங்களாக அந்த நாட்டுக்காரர்கள் தங்கள் நாட்டின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போக, தெற்கே வெளிநாட்டுக்கு வந்து, நாந்தியில் இறங்கி, வாரம் ஒருமுறை ஹவாயின் ஹொனலூலுவை நோக்கிப் போகும் விமானத்துக்குக் காத்திருந்து, அது வழியில் கிரிஸ்மஸ் தீவில் இறங்கும்போது இறங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. சுற்று வழி ஏறத்தாழ 5,700 கிலோமீட்டர். பறக்கும் நேரம் எட்டு மணிக்குள்தான். ஆனால் கிழமையைத் தவறவிட்டால் அந்த எட்டு மணியோடு ஏழு நாளைக் கூட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. நாந்தியில் அப்படி மாட்டிக்கொண்ட ஒரு பள்ளி ஆசிரியரை எனக்குத் தெரியும். பொழுது போகாமல் கடைத்தெரு முனையில் இருக்கும் சிவசுப்பிரமணிய சுவாமி கோவிலுக்கு தினமும் வந்து கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்து கரும்புத் தோட்டத்துக்கு ஏற்றி வரப்பட்டவர்களின் பிள்ளைகள் கட்டிக் காக்கும் கோவில் அது. அவரை யாரும் ஏன் என்று கேட்டதில்லை, இரண்டு நாள் பொங்கலும் கொடுத்திருக்கிறார்கள்.

ஹொனலூலுவிலிருந்து மேற்குப் பசிபிக்கில் இருக்கும் குவாம் தீவுக்கு நேர் விமானத்தில் போனால் 6,100 கிலோமீட்டர், எட்டு மணி நேரம் சில்லறை. அதே இரண்டு ஊருக்கு இடையில் தீவுக்குத் தீவு தாவிப் போகும் விமானம் ஒன்றும் இருக்கிறது. மஜுரோ, குவாஜலின், கோஸ்ராய், போன்பே, சூக் என்று ஒவ்வொன்றிலும் இறங்கி ஏறும். நம்மூர் டவுன் பஸ் மாதிரி, ஆனால் போயிங் 737. குவாஜலின் அமெரிக்க ராணுவத்தளம், அனுமதி இல்லாதவர்கள் விமானத்தை விட்டு இறங்கக் கூடாது. வழியில் பழுதானால் பார்க்க ஆள் கிடைக்காது என்பதால் மெக்கானிக் ஒருவரும் உதிரிப் பாகங்களும் விமானத்திலேயே வருவார்கள். அவர் உட்கார்ந்திருக்கும் இருக்கையை நான் எப்போதும் ஒருவித சகோதர பாசத்தோடு பார்ப்பேன். இந்த வழியில் போனால் நேர் விமானத்தைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு நேரம் போய்விடும்.

எரிபொருள் கணக்கும் இங்கே வேறு. பெருநிலத்தில் ஓர் ஊரில் இறங்க முடியாவிட்டால் பக்கத்து ஊரில் இறங்கிக்கொள்ளலாம் என்று அதற்குத் தகுந்த அளவு நிரப்புவார்கள். பக்கத்து ஊரே இல்லாத தீவுக்குப் போகும்போது, அங்கே போய்ச் சேர்ந்தபின் இரண்டு மணி நேரம் வானத்தில் காத்திருக்கும் அளவுக்கு மிச்சம் வைத்துக்கொள்வது வழக்கம். மழை விட்டுவிடும் என்ற நம்பிக்கையை லிட்டரில் அளந்து ஊற்றுகிறார்கள். அந்த எடை கூடக்கூட ஏற்றக்கூடிய ஆளும் சாமானும் குறையும். மீதியாகும் பெட்டிகள் அடுத்த கிழமை வரும்.

மறுபடி பாங்கோ பாங்கோவுக்கு வருகிறேன். அன்று மதியம் 12 மணிக்குக் கிடங்கு ஆட்கள் சாப்பிடக் கூப்பிட்டார்கள். ஊரே சூரை மீன் ஊர், துறைமுகத்தில் பெரிய டின் மீன் ஆலை. ஒரு சட்டி நிறைய ஓக்கா வைத்திருந்தார்கள். பச்சைச் சூரையைத் துண்டு போட்டு, எலுமிச்சை பிழிந்து, தேங்காய்ப்பால் ஊற்றி, வெங்காயமும் தக்காளியும் நறுக்கிப் போட்டது. அடுப்பே ஏறாத சொதி என்று சொல்லலாம். இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டேன்.

மூன்றரை மணிக்கு, ஊரில் விடிந்து எட்டு மணி ஆகியிருக்கும் என்று அம்மாவைக் கூப்பிட்டேன். எடுத்ததும் அவள் கேட்டது: "ஐயா, சனிக்கிழமை, மீன் தொடவில்லையே?"

எங்கள் வீட்டில் வருடம் முழுக்க மீன். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் மட்டும் கிடையாது. நான் கடல் தாண்டியபோது அம்மா வாங்கிய ஒரே சத்தியம் அது. காலையில் ஏபியாவில் நினைவாகத்தான் இருந்தேன். பப்பாளியும் ரொட்டியும் தின்றுவிட்டுத்தான் விமானம் ஏறினேன். இறங்கியதும் வெள்ளிக்கிழமை ஆகிவிட்டதே என்று மனது தளர்ந்துவிட்டது. இங்கே இன்னும் வெள்ளிக்கிழமை, அம்மா என்றேன். காலையில் எங்கே இருந்தாய், அங்கே என்ன கிழமை என்றாள். சனி என்றேன். போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பின்னால் குக்கர் விசில் மட்டும் கேட்டது.

இந்தச் சிக்கல் எங்கள் வீட்டுக்கு மட்டும் உரியது இல்லை. சனிக்கிழமையை ஓய்வு நாளாக அனுசரிக்கும் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபை சமோவாவில் 2011க்குப் பிறகு இரண்டுபட்டது. கோடு நகர்ந்தாலும் நாள் நகராது, பழைய கணக்குப்படி ஏழாவது நாள் இப்போது ஞாயிறு என்ற பெயரில் வருகிறது என்று ஒரு சாரார் ஞாயிற்றுக்கிழமைக்கு மாறினார்கள். பெயர் சனி என்றால் சனிதான் என்று மற்றவர்கள் விலகிப் போனார்கள். இரு பக்கமும் வேதத்திலிருந்து வசனம் காட்டினார்கள்.

அம்மாவிடம் வசனம் இல்லை. "மீன் சாப்பிட்டபோது நம் ஊரில் மணி என்ன?" என்று கேட்டாள். விரலை மடக்கிக் கணக்குப் போட்டேன். பாங்கோ பாங்கோ நம்மைவிடப் பதினாறரை மணி நேரம் பின்னால். மதியம் 12 என்றால் தூத்துக்குடியில் சனிக்கிழமை அதிகாலை நாலரை.

"நாலரையா? விடியவே இல்லையே. விடியும்வரை வெள்ளிக்கிழமைதானே" என்றாள். குரலில் அப்படி ஒரு நிம்மதி. பிறகு, "நாளைக்கு அங்கே சனி வருமில்லையா? அதையும் சேர்த்துப் பிடித்துவிடு" என்றாள்.

மறுநாள் கிடங்கில் சீல் மாற்றி முடிக்க மாலையாகிவிட்டது. சேப்பங்கிழங்கு இலையில் தேங்காய்ப்பாலை ஊற்றி மடித்துச் சுட்ட பலுசாமி இரண்டு வாங்கி வந்து, ஓட ஆரம்பித்திருந்த கம்ப்ரசருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன். கிடங்கு ஆட்கள் மறுபடியும் ஓக்காச் சட்டியை நீட்டினார்கள். நேற்று வெள்ளிக்கிழமை, அதனால் சாப்பிட்டேன் என்று சொன்னேன். நேற்று நீ ஏபியாவில் சனிக்கிழமை என்றல்லவா சொன்னாய் என்று ஒருவர் கேட்டார்.